கரையைக் கடக்கும் புள்ளி: தொலைக்காட்சிப் புயல் வரைபடமும் தமிழ் அறிவிப்பு மொழியும்

1961ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கார்லா என்னும் பெரும்புயல் மெக்சிகோ வளைகுடாவில் டெக்சாஸ் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஹூஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றில் பணியாற்றிய டான் ராதர் என்னும் இளம் செய்தியாளர், கால்வெஸ்டன் நகர வானிலை அலுவலகத்திலிருந்த ரேடார் திரையை நேரலையில் காட்ட முனைந்தார். திரையில் வெண்ணிறச் சுழல் ஒன்று தெரிந்தது. ஆனால் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதைத் திரையைப் படிக்கப் பழகாதவர் அறிய இயலாது. எனவே வளைகுடாவின் உருவரையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளொன்றில் வரையச் செய்து, அத்தாளைத் திரையின்மீது பொருத்திக் காட்டினார். இலட்சக்கணக்கான மக்கள் கரையோரத்தை விட்டு வெளியேறினர்.

புயலைத் தொலைக்காட்சியில் காட்டும் கலையின் தொடக்கமாகப் பலரும் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி இது. இதில் பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒரு கூறு உண்டு. அந்தப் பிளாஸ்டிக் தாள் காட்டியது புயலின் பாதையை அன்று, அதன் பரப்பை. தாம் வாழும் கரை முழுவதையும் அச்சுழல் மூடிவிடும் என்பதைக் கண்டபோதே மக்கள் நடுங்கினர். அதன்பின் கழிந்த அறுபது ஆண்டுகளில் கருவிகள் வளர்ந்தன. வண்ணமும் அசைவும் முப்பரிமாணமும் வந்து சேர்ந்தன. எனினும் புயல் ஒரு புள்ளியாகச் சுருங்கியது. அப்புள்ளிக்கு ஒரு கோடு கிடைத்தது. கோட்டுக்கு ஒரு முனை கிடைத்தது. இச்சுருக்கத்தையும், தமிழ் ஒளிபரப்பின் சொல்லாட்சி அதற்குத் துணைநின்ற வகையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. வரைபடமும் ஒரு பனுவலே. அதைத் திறனாய்வுக்கு உட்படுத்தாமல் வானிலையாளர்களிடம் விட்டுவிடுவது மொழி ஆய்வாளர்க்கு அழகன்று.

கூம்பின் இலக்கணம்

அமெரிக்கத் தேசிய ஹரிக்கேன் மையம் 2002 முதல் வெளியிட்டுவரும் 'ஐயக் கூம்பு' இன்று உலகெங்கும் புயல் வரைபடத்தின் பொதுவடிவம் ஆகிவிட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் 2009 முதல் தன் புயல் வரைபடங்களில் கூம்பைச் சேர்த்துள்ளது. கூம்பு உருவாகும் முறை எளிது. அடுத்த ஐந்து நாள்களில் புயலின் மையம் எங்கெங்கே இருக்கும் எனக் கணிக்கப்படுகிறதோ அந்தந்த இடத்தில் ஒரு வட்டம் வரையப்படுகிறது. முந்தைய ஐந்தாண்டுக் கணிப்புகளில் நேர்ந்த பிழைகளுள் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும் அளவுக்கு அவ்வட்டத்தின் ஆரம் அமைகிறது. வட்டங்களின் வெளிவிளிம்புகளை இணைத்தால் கூம்பு.

இவ்விளக்கத்திலிருந்தே மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, மையம் கூம்புக்கு வெளியே செல்லும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. மற்றொன்று, ஒரு பருவம் முழுவதும் சிறுபுயலுக்கும் பெரும்புயலுக்கும் ஒரே அகலமுள்ள கூம்பே வரையப்படுகிறது. அகலம் சொல்வது கணிப்பாளரின் பழைய பிழையை, புயலின் பருமனை அன்று. மூன்றாவது, கூம்பின் அடிமுனை கூரிய புள்ளியாகவே இருக்கிறது. புயல் இப்போது எங்கே இருக்கிறது என்பதில் ஐயமே இல்லை என அது உரைக்கிறது. நிலைமையோ வேறு. ரேடாரின் எல்லைக்கு அப்பால் நடுக்கடலில் உள்ள புயலின் மையம் செயற்கைக்கோள் படத்து மேகங்களின் சுருள் அமைப்பைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. வலிமை குன்றிய தாழ்வு மண்டலங்களில் மேகம் ஒருபுறமும் சுழற்சி மையம் மறுபுறமும் கிடப்பது உண்டு. இருப்பிடமே மதிப்பீடாக இருக்கையில், பயணம் மட்டும் ஊசிமுனையில் தொடங்குகிறது.

கூம்பின் நடுவே ஒரு மெல்லிய கருங்கோடு இட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சார்லி புயல் சான்று. 2004 ஆகஸ்டு 13ஆம் நாள் அது புளோரிடா மாநிலத்தின் தாம்பா நகரப் பகுதியைத் தாக்கும் என்றே பலரும் எதிர்நோக்கினர். கோடு அங்கேதான் சென்றது. புயலோ முன்னதாகவே கிழக்கே திரும்பி, நான்காம் வகை வலிமையுடன் காயோ கோஸ்டா என்னும் சிறுதீவில் கரையேறி, புன்டா கோர்டா நகரைச் சிதைத்தது. அந்நகர் கூம்புக்கு உள்ளே இருந்தது. எச்சரிக்கையும் அங்கு நடப்பில் இருந்தது. மக்கள் கண்ணில் பட்டதோ கோடு மட்டுமே. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2022 செப்டம்பர் 28ஆம் நாள், அதே காயோ கோஸ்டா தீவில் இயன் புயல் கரையேறியது. தொடக்க நாள்களின் மையக்கோடு மீண்டும் வடக்கேதான் இருந்தது. லீ மாவட்டத்தில் வெளியேற்ற ஆணை முந்தைய நாள்தான் பிறந்தது. கடல்நீர் ஏற்றத்தால் ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் பலர் மாண்டனர்.

இத்தகைய நிகழ்வுகளை ஆராய்ந்தோர் பலர் 'மக்கள் கூம்பைத் தவறாகப் படிக்கின்றனர்' என்று முடிவுரைக்கின்றனர். இம்முடிவு ஏற்கத்தக்கதன்று. அகன்றுகொண்டே செல்லும் ஒரு வடிவத்தைக் கண்டு, புயல் வளர்ந்துகொண்டே வருகிறது எனக் கருதுபவர் படத்தைச் சரியாகவே படிக்கிறார். கோட்டுக்கு உள்ளே அபாயம், வெளியே நலம் எனக் கொள்பவரும் அவ்வாறே. படத்தில் வரையப்பட்டிருப்பது அதுதான். உருவம் ஒன்றைச் சொல்ல, அடிக்குறிப்பு வேறொன்றைச் சொல்லும்போது பிழையைப் படிப்பவர்மீது ஏற்றுவது முறையாகாது.

கடத்தல் என்னும் சொல்

தமிழ் அறிவிப்பில் கூம்பின் இடத்தை ஒரு தொடர் வகிக்கிறது: 'கரையைக் கடக்கும்'. வங்கக்கடலில் தாழ்வு நிலை தோன்றிய நாள் முதல் தமிழ்த் தொலைக்காட்சிகள் கேட்கும் வினா ஒன்றே: எங்கே, எப்போது கரையைக் கடக்கும்? இந்திய வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கைகளிலும் இதே வினையே வழங்குவதால் இதைத் தமிழ் ஊடகங்களின் புனைவு எனக் கூற இயலாது. எனினும் கடத்தல் என்னும் சொல் தமிழில் தரும் பொருள் நோக்கத்தக்கது. ஆற்றைக் கடந்தான், எல்லையைக் கடந்தான், துன்பத்தைக் கடந்தான் என்னுமிடங்களிலெல்லாம் கடத்தல் ஒரு முடிவைக் குறிக்கிறது. கடந்தபின் கவலை இல்லை. 'புயல் கரையைக் கடந்தது' என்னும் எழுத்துகள் திரையின் அடியில் ஓடத் தொடங்கியதும் செய்தி முடிந்தது என்னும் எண்ணம் பார்ப்பவர்க்கு உண்டாவது இயல்பே.

2018 நவம்பர் 16ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடந்ததோடு அது நின்றுவிடவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி வட்டாரங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்து, புதுக்கோட்டை, திண்டுக்கல் வழியே தீபகற்பத்தின் குறுக்கே சென்று அரபிக்கடலை அடைந்தது. தென்னையை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அழிவு தொடங்கியதே 'கடந்தது' என்னும் இறந்தகால வினைமுற்றுக்குப் பின்னர்தான். கரைக்கோட்டைப் புயலின் முடிவிடமாகக் கொள்ளும் வரைபடமும் சொல்லும் உள்நாட்டு உழவரை நோக்கிப் பேசவில்லை.

மிக்ஜாம் புயல் வேறொரு குறையை வெளிப்படுத்தியது. அது 2023 டிசம்பர் 5ஆம் நாள் ஆந்திர மாநிலம் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியதோ அதற்கு முந்தைய இரு நாள்களில். புயல் சென்னையைக் 'கடக்கவே' இல்லை. கரைக்கு இணையாக வடக்கே நகர்ந்தது. அதன் மேற்குப்புற மழைமேகங்கள் நகரின்மேல் நின்றன. கடக்கும் புள்ளியைத் தேடும் கண்ணுக்கு இது ஆந்திரப் புயல். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நீரில் நின்றோர்க்கு அவ்வகைப்பாட்டால் ஒரு பயனும் இல்லை.

கடத்தல் என்னும் சொல்லின் எல்லையை முற்றிலும் உடைத்தது ஒக்கி. 2017 நவம்பர் 29ஆம் நாள் தாழ்வு மண்டலமாக அறிவிக்கப்பட்ட அது, மறுநாள் காலை குமரிக்கடல் பகுதியில் புயலாயிற்று. தமிழகக் கரையை அது கடக்கவில்லை. குமரி முனைக்குத் தெற்கே விலகி அரபிக்கடலுக்குள் சென்றது. கரையை அளவுகோலாகக் கொண்ட வரைபடத்தில் இது ஓரளவு நற்செய்தி. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் மீனவர்களோ அப்போது கரையில் இல்லை. பல நாள் தங்கும் ஆழ்கடல் மீன்பிடிப்பில் இருந்தனர். புயல் கரையை விட்டு விலகுதல் என்பது அவர்களை நோக்கிச் செல்லுதலே ஆகும். கரையிலிருந்து எத்தனை கல் தொலைவு என்பதையே அபாயத்தின் அளவாகக் கொள்ளும் எந்த அறிவிப்பிலும் இம்மக்களுக்கு இடமில்லை. பலர் திரும்பவே இல்லை.

கூடும், கும், கிறது

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கைகள் வினைமுற்றுகளில் கவனமானவை. 'மழை பெய்யக்கூடும்', 'வலுப்பெறக்கூடும்', 'நகரக்கூடும்' என்பன அவற்றின் நிலைத்த வாய்பாடுகள். கணிப்பின் உறுதியின்மை முழுவதையும் 'கூடும்' என்னும் ஒரு துணைவினையே தாங்குகிறது. அறிக்கை தொலைக்காட்சிக்கு வரும்போது முதலில் உதிர்வது இத்துணைவினைதான். 'கடக்கக்கூடும்' என்பது 'கடக்கும்' ஆகிறது. செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று தமிழில் எதிர்காலத்தை மட்டும் உணர்த்துவதன்று; மாறா இயல்பையும் உணர்த்துவது. கதிரவன் கிழக்கே உதிக்கும் என்னும் தொடரும், புயல் நாளை நாகையைக் கடக்கும் என்னும் தொடரும் இலக்கண நிலையில் ஒன்றே.

அடுத்த படி தலைப்புச் செய்தி. அங்கே அது 'நாளை கரையைக் கடக்கிறது' என நிகழ்காலம் பெறுகிறது. நாளை தேர்வு தொடங்குகிறது, வெள்ளியன்று படம் வெளியாகிறது என்பன போல, முன்னரே முடிவு செய்யப்பட்ட நிகழ்ச்சிகளுக்குத் தமிழ் வழங்கும் காலம் அது. நிரலிடப்பட்ட வருகை என்னும் தொனி புயலுக்கு வந்துவிடுகிறது. மூன்று எழுத்துகளைக் குறைத்ததில் ஒரு நிகழ்தகவு நாள்காட்டிக் குறிப்பாக மாறிவிட்டது. பின்னர்ப் புயல் திசை மாறினால் பழி கணித்தவர்மீது விழுகிறது. 'கூடும்' என்று எழுதியவர் அவரே என்பதும், அதை நீக்கியவர் வேறொருவர் என்பதும் மறக்கப்படுகின்றன. இரண்டு முறை இவ்வாறு ஏமாந்ததாக எண்ணும் ஊர், மூன்றாம் முறை வீட்டை விட்டு வெளியேறத் தயங்குகிறது.

ஐயத்தைச் சொன்னால் மக்கள் குழம்புவர் என்பது ஒளிபரப்பாளர் தரப்பின் வாதம். தமிழ்ப் பேச்சு வழக்கு இவ்வாதத்தை ஆதரிக்கவில்லை. 'வந்தாலும் வரும்' என்னும் அடுக்குத்தொடரைக் கையாளாத தமிழர் யார்? 'மழை பெய்தாலும் பெய்யும், குடையை எடுத்துக்கொண்டு போ' என்னும் கூற்றில் ஐயமும் உண்டு, ஆயத்தமும் உண்டு. ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை. வேளாண்மையும் கடல்தொழிலும் செய்து வாழ்ந்த மக்களின் மொழிக்கு உறுதியின்மையைப் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை இல்லை. இலங்கைத் தமிழ் வழக்கையும் இங்கே ஒப்புநோக்கலாம். தமிழகத்தார் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என மூச்சிரைக்கச் சொல்வதை ஈழத்து ஊடகங்கள் 'தாழமுக்கம்' என ஒரே சொல்லில் முடிக்கின்றன. தமிழகத்தில் 'புயல்' என்பதை அவர்கள் 'சூறாவளி' என்பர். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடியது இன்றும் அங்கே சூறாவளிதான். சுழற்சி என்னும் பொருளைத் தன்னுள்ளே கொண்ட அச்சொல், புள்ளியாகச் சுருங்குவதை ஓரளவு தடுக்கிறது.

இரண்டு வேகங்கள்

'மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நகர்ந்து வருகிறது'. 'மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் காற்று வீசும்'. ஒரே செய்தியில் அடுத்தடுத்து வரும் இவ்விரு தொடர்களிலும் வேகம் என்னும் சொல் வெவ்வேறு பொருளில் நிற்கிறது. முன்னது புயல் இடம்பெயரும் வேகம்; பின்னது அதனுள் சுழலும் காற்றின் வேகம். இயக்கத்தைக் காட்டுவதையே தன் பெருமையாகக் கொண்ட தொலைக்காட்சி, முன்னதையே அம்புக்குறியாக வரைகிறது. 'வேகம் குறைந்தது' என்னும் வாசகம் வந்தால் பார்ப்பவர் ஆறுதல் கொள்கிறார். உண்மையில் இடம்பெயரும் வேகம் குறைந்த புயல், ஓரிடத்திலேயே நின்று மழையைக் கொட்டும்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரையை அடைந்த ஃபெஞ்சல் அவ்வாறே செய்தது. மணிக்கணக்கில் ஏறக்குறைய நகராமல் கிடந்த அதனால் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. விழுப்புரமும் அதன்பின் திருவண்ணாமலையும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையும் வெள்ளத்தில் சிக்கின. காற்றளவில் அது கடும்புயல் அன்று. நகர்வை வரையும் படத்தில் நகராமையை எவ்வாறு வரைவது? கோடு நின்றுவிட்டால் அப்படத்துக்குச் சொல்ல எதுவும் இல்லை; செய்தியாளரின் ஒலிவாங்கிதான் காற்றில் ஆடுகிறது. நகர்வு வேகம், காற்று வேகம் என இரண்டையும் எப்போதும் அடைகொடுத்தே கூறுவது எளிதில் இயலும் சீர்திருத்தம். செலவும் இல்லை.

கூண்டின் பார்வை

தொலைக்காட்சிக்கு முன்னரே புயலைக் காட்சிப்படுத்திய ஒரு முறை தமிழகத் துறைமுகங்களில் உண்டு. அது புயல் எச்சரிக்கைக் கூண்டு. பகலில் வடிவங்களாலும் இரவில் விளக்குகளாலும் ஏற்றப்படும் இவ்வறிகுறிகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டவை. 'ஐந்தாம் எண் கூண்டு ஏழாம் எண்ணாக உயர்த்தப்பட்டது' எனச் செய்திகளில் கேட்கும்போது அபாயம் இரு படி ஏறியதாகவே கொள்ளத் தோன்றும். இது பிழை. 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே தர அபாயத்தைக் குறிப்பன. வேறுபாடு பக்கத்தில் உள்ளது. புயற்பாதையின் இடப்புறம் துறைமுகம் அமையுமானால் 5. வலப்புறம் அமையுமானால் 6. துறைமுகத்தின்மீதோ மிக அருகிலோ புயல் செல்லுமானால் 7. கடும்புயலுக்கு இதே வரிசை 8, 9, 10 என அமைகிறது.

இம்முறையின் அறிவுநுட்பம் வியக்கத்தக்கது. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்புறம் என்பது வடக்கு. வட அரைக்கோளத்தில் அப்பக்கத்தில்தான் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசி நீரைக் கரைமேல் தள்ளும். தென்பக்கத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குச் செல்லும். எனவே 'எந்தப் பக்கம்' என்பது வாழ்வா சாவா என்னும் வினாவாகவும் ஆகலாம். கூம்பு இதைச் சொல்வதில்லை. அதன் இருபுறமும் ஒரே வண்ணம். அதைவிட முதன்மையான வேறுபாடு நோக்குநிலையில் உள்ளது. கூம்பு வானத்திலிருந்து பார்க்கிறது. அதன் எழுவாய் புயல். கூண்டு துறைமுகத்திலிருந்து பார்க்கிறது. அதன் எழுவாய் அங்கே நிற்பவர். பதினொன்றாம் எண்ணுக்குப் பொருள், புயல் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்பது. தனக்குச் செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக ஏற்றிக் காட்டும் நேர்மை இன்றைய திரைகளில் காணக்கிடைக்காதது.

கூண்டு கப்பலோட்டிகளுக்காக அமைந்தது. அதன் எண்கள் பொதுமக்கள் மொழி ஆகவில்லை. அதற்குத் திரும்ப வேண்டும் என எவரும் கோரவில்லை. அதன் எழுவாயை மீட்பதே தேவை. இதற்கான தரவுகள் ஏற்கெனவே உள்ளன. காற்று எத்திசையில் எவ்வளவு தொலைவு பரவும் என்பதை நான்கு கால்வட்டங்களாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தை இந்திய வானிலைத் துறை புயற்காலங்களில் வெளியிடுகிறது. தமிழ்த் தொலைக்காட்சிகளில் அதனைக் காண்பது அரிது. அமெரிக்க மையம் 2024இல் சோதனை முறையாக, கூம்போடு உள்நாட்டு மாவட்டங்களின் எச்சரிக்கைகளையும் வண்ணமிட்டுக் காட்டத் தொடங்கியது. கூம்புக்கு வெளியே உள்ள மாவட்டமும் வண்ணம் பெறுவதைக் கண்டால் கோட்டின் ஆட்சி சற்றேனும் தளரும். தமிழ்த் திரையில் வேதாரண்யத்தின் பெயரும் ஆலங்குடியின் பெயரும் எழுவாயாக நின்று, அவ்வூரில் எந்நேரம் எத்திசைக் காற்று, எவ்வளவு மழை எனத் தொடர் அமையுமானால், சுழலும் செந்நிறச் சக்கரம் திரையின் மூலைக்குப் போகலாம்.

சென்னை மையத்தின் அறிக்கையில் இத்தகைய பகுதி ஒன்று நெடுங்காலமாக இருந்துவருகிறது. 'மீனவர்களுக்கான எச்சரிக்கை' என்னும் தலைப்பில் நாள்வாரியாகக் குமரிக்கடல், மன்னார் வளைகுடா, தென்மேற்கு வங்கக்கடல் எனக் கடற்பகுதிகளின் பெயர்கள் வருகின்றன. காற்றின் வேகம் வருகிறது. அப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம் என்னும் அறிவுரை வருகிறது. கரையைக் கடத்தல் பற்றிய பேச்சு அங்கே இல்லை. அறிக்கையின் இறுதியில் இடம்பெறும் இப்பகுதி, தொலைக்காட்சியில் பெரும்பாலும் 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என ஒரே வரியாகக் குறுகுகிறது. ஏற்கெனவே கடலில் இருப்பவரை அந்த ஒரு வரியும் எட்டுவதில்லை. ஒக்கிக்குப் பின் 2019இல் அறிமுகமான ஜெமினி என்னும் கருவி, செயற்கைக்கோள் வழியாக நடுக்கடல் படகின் கைப்பேசிக்குச் செய்தியை எழுத்தாக அனுப்புகிறது. படகில் இருப்பவர் அச்சிறுதிரையில் முதலில் தேடுவது தம் வலை கிடக்கும் கடற்பகுதியின் பெயரை.